முதலில் வாளி, பிறகு கேமரா

கடல் நடுவே இருக்கும் தீவுகளுக்குப் பறவையும் விலங்கும் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லென்ஸ் கொண்டு போகலாம்?" என்பதுதான். அதற்கான பதில் இந்த அத்தியாயத்தின் பின்பாதியில் வருகிறது. அதற்கு முன்னால் துணிமணி, அட்டைப்பெட்டி, ஒட்டுப்பலகை, பல் மருத்துவர் என்று பேச நிறைய இருக்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் தீவுகள் ஒத்துவராது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பொதுவாகப் பேசாமல் ஒரே இடத்தை எடுத்துக்கொள்வோம். ஹவாயின் பெரிய தீவுகளுக்கு வடமேற்கே, சுமார் 2,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைத் துண்டுகளும் பவளத்தீவுகளும் சிதறிக் கிடக்கின்றன. நிஹோவா, மொகுமனமனா, லேய்சான், மிட்வே, கடைக்கோடியில் கூரே. 2006இல் அமெரிக்க அரசு இதை மொத்தமாகப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தது. பாப்பஹானாவ்மோகுவாகேயா என்பது அதன் பெயர். 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2016இல் எல்லை விரிக்கப்பட்டபோது பரப்பு ஏறக்குறைய 15 லட்சம் சதுர கிலோமீட்டர் ஆயிற்று. இந்தியாவின் பரப்பில் கிட்டத்தட்டப் பாதி. ஆனால் அதில் கால் வைக்க இருக்கும் நிலம் மிகச் சொற்பம். அந்தச் சொற்ப நிலத்தில்தான் பல லட்சம் கடற்பறவைகள் முட்டையிட வருகின்றன.

இங்கே விதிகள் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் அதிகாரிகளின் கெடுபிடி என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கிறது. எந்த விதி எந்தச் சாவிலிருந்து பிறந்தது என்று தெரிந்துகொண்டால், யாரும் கண்காணிக்காத இடத்திலும் அதை மீற மனம் வராது.

முயல் விட்ட தீவு

லேய்சான் நான்கு சதுர கிலோமீட்டர் அளவுள்ள மணல் தீவு. நடுவே கடலைவிட உப்பு கரிக்கும் ஏரி ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உரத்துக்காகப் பறவை எச்சத்தை வெட்டி எடுக்க அங்கே ஆட்கள் குடியேறினார்கள். அவர்களை மேற்பார்த்த மேக்ஸ் ஷ்லெம்மர் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முயல்களைக் கொண்டுவந்து விட்டார். வேட்டையாட எதிரியே இல்லாத தீவு. முயல் பெருகியது, புல் போனது, புதர் போனது, கடைசியில் மணலைப் பிடித்து வைக்க வேர்கூட இல்லாமல் போனது.

1923இல் டேனஜர் என்ற கப்பலில் ஆய்வுக்குழு ஒன்று அங்கே இறங்கியபோது பார்த்தது வெறும் புழுதி. மிச்சமிருந்த முயல்களை அவர்கள் கொன்று தீர்த்தார்கள். குழுவில் டொனால்ட் டிக்கி என்ற படக்காரர் இருந்தார். லேய்சானுக்கு மட்டுமே உரிய சிறு சிவப்புத் தேன்பறவை ஒன்று பாடுவதை அவர் ஓடும் படமாக எடுத்தார். அப்போது தீவில் அந்த இனத்தில் மூன்றே பறவைகள் இருந்தன. சில நாட்களுக்குள் அடித்த மணற்புயலோடு அவையும் முடிந்தன. டிக்கியின் படம் இன்றும் இருக்கிறது. அதை அழகான இயற்கைக் காட்சி என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. என் பார்வையில் அது பிரேதப் பரிசோதனை அறிக்கை. கேமரா இருபது வருடம் பிந்தி வந்தது.

லேய்சானின் பறக்காத சிறு கானாங்கோழியும் அந்தத் தீவில் அழிந்தது. முன்பே மிட்வேக்குக் கொண்டுபோய் விட்டிருந்த சில பறவைகளின் சந்ததி அங்கே பிழைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்களோடு எலி வந்தது. 1944க்குப் பிறகு அந்தக் கோழியை யாரும் பார்க்கவில்லை. லேய்சான் வாத்து மட்டும் தப்பியது, அதுவும் 1911இல் ஒரு டஜன் அளவுக்குச் சுருங்கிய பிறகு. இன்று அது லேய்சானில் பல நூறாக இருக்கிறது. ஒரே தீவில் வைத்திருந்தால் ஒரு புயல் போதும் என்று 2004, 2005இல் 42 வாத்துகளை மிட்வேக்கும், 2014இல் சிலவற்றைக் கூரேக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஏரிக்கரையில் உப்பு ஈக்கள் கறுப்புப் படலமாக அப்பிக் கிடக்கும். கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி அந்தப் படலத்துக்குள் வாத்து ஓடும் காட்சியைப் படம் எடுக்க விரும்பாதவர் இருக்க முடியாது. எடுக்கலாம். ஆனால் அங்கே போக உங்கள் சட்டை முதலில் உறைபெட்டிக்குள் போக வேண்டும்.

மூட்டை கட்டுதல்

லேய்சான், நிஹோவா போன்ற தீவுகளுக்கு உடை, தொப்பி, காலணி, கூடாரம், தூங்கும் பை, கேமராப் பை, அதன் தோள்வார் உட்பட எல்லாமே புத்தம் புதியதாக இருக்க வேண்டும். அல்லது அந்த ஒரு தீவுக்கென்றே ஒதுக்கி வைத்ததாக இருக்க வேண்டும். எதுவானாலும் கிளம்பும் முன் 48 மணி நேரம் உறைநிலையில் கிடக்க வேண்டும். நன்றாகத் துவைத்த பழைய துணி செல்லாது. ஒரு தீவில் போட்ட காலணியை அடுத்த தீவில் போடுவதும் செல்லாது. பயணத் திட்டத்தில் மூன்று தீவு இருந்தால் மூன்று செட் துணி, மூன்று ஜோடிச் செருப்பு. செலவுக் கணக்கில் இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் கடைகடையாக அலைகிறவர்கள் அதிகம்.

காரணம் விதை. வேட்டிக் கரையில் தொற்றிக்கொண்டு வீடுவரை வரும் ஒட்டுப்புல்லைப் போல, சென்க்ரஸ் என்ற முள்விதைப் புல் ஒன்று யாரோ ஒருவரின் துணியிலோ மூட்டையிலோ லேய்சானுக்கு வந்து சேர்ந்தது. கடற்பறவைகள் கூடுகட்டும் பரப்பை அது பிடித்துக்கொண்டது. 1991இல் தொடங்கி ஏறத்தாழப் பத்து வருடம், ஆட்கள் முறைவைத்துத் தங்கி அதைப் பிடுங்கினார்கள். கேமராப் பையில் இந்த விதைக்கு மிகப் பிடித்த இடம் வெல்க்ரோ பட்டை. ஆகவே வெல்க்ரோ குறைவான, ஜிப் வைத்த பையாகப் பார்த்து வாங்குங்கள்.

அட்டைப்பெட்டி கூடாது. அதன் நெளிவுகளுக்குள் கரப்பான் முட்டையும் எறும்பும் பயணம் செய்யும். மரப்பெட்டியும் அப்படித்தான். எல்லாச் சாமானும் ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகளில் போகும். ஒவ்வொன்றும் 19 லிட்டர் கொள்ளும். இந்த வாளியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. படகிலிருந்து அலையில் விழுந்தால் மிதக்கும், மழை இறங்காது, முகாமில் உட்கார ஆசனம். உறைய வைக்க முடியாத கேமரா, லென்ஸ், பேட்டரி, கணினி எல்லாவற்றையும் துடைத்து, இடுக்கு இடுக்காகப் பரிசோதிப்பார்கள். முக்காலியின் கால்களைக் கழற்றி உள்ளே மண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போன வருடம் ஏதோ ஒரு காட்டில் ஒட்டிய சேறு அங்கே பிடிபட்டால் முக்காலி துறைமுகத்திலேயே நின்றுவிடும். வீட்டிலேயே கழற்றிப் பல்குச்சி வைத்துச் சுத்தம் செய்துவிடுவது உத்தமம்.

எறும்புக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று கேட்பவர்கள் ஜான்ஸ்டன் பவளத்தீவை நினைத்துக்கொள்ளலாம். ஹவாய்க்குத் தென்மேற்கே தனியாகக் கிடக்கும் தீவு அது. 2010இல் மஞ்சள் பித்த எறும்பு அங்கே பரவியிருப்பது தெரிந்தது. அது கடிக்காது, அமிலம் பீய்ச்சும். தரையில் அடைகாக்கும் பறவைகளின் கண் குருடானது, குஞ்சுகள் செத்தன. ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்க 2021 ஆயிற்று.

யாருக்கு அனுமதி

பார்க்க ஆசை என்பது இங்கே காரணமாகாது. ஆய்வு, பாதுகாப்புப் பணி, கல்வி, ஹவாய் பூர்வகுடிகளின் வழிபாடு என்று வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குள் உங்கள் வேலை அடங்க வேண்டும். மிட்வேயில் ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகளை விட்டார்கள். பல வருடங்களாக அது நின்றுவிட்டது. டிரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். படம் எடுப்பது மட்டுமே நோக்கம் என்று எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம், இந்தத் தீவுக்கு அந்தப் படத்தால் என்ன பயன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வேறு வழி, தன்னார்வப் பணியாளராகப் போவது. பல மாதத் தங்கல். வேலை பெரும்பாலும் களை பிடுங்குவது. ஆளுயரம் வளரும் மஞ்சள் பூச்செடி ஒன்று மிட்வேயிலும் கூரேயிலும் ஆல்பட்ராஸ் கூடுகளை நெருக்கி, குஞ்சுகளைக் காற்றில்லாமல் வேகவைத்துவந்தது. அதை வேரோடு எடுத்து நாட்டுப்புல் நடும் வேலை இன்னும் நடக்கிறது. முதுகு ஒடியும். ஆனால் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவரைப் பறவைகள் சீக்கிரமே பொருட்படுத்தாமல் விட்டுவிடும். இரண்டு நாள் தங்கிப் படம் எடுத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. களை பிடுங்கப் போனவர் எடுத்துவரும் படங்களே மேல் என்பது என் கட்சி.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆல்பட்ராஸ் ஆண்கள் அக்டோபர் கடைசியிலிருந்து வந்து இறங்கும். முட்டை நவம்பர் பிற்பாதியிலும் டிசம்பரிலும். பொரிப்பு ஜனவரி கடைசி, பிப்ரவரி. குஞ்சு கடலுக்குப் பறப்பது ஜூன், ஜூலை. அவற்றின் ஜோடி நடனம் பார்க்க வேண்டுமானால் குளிர்காலம். துறவி சீல்களை ஆய்வு செய்யும் முகாம்கள் கோடையில் நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. நிஹோவாவும் மொகுமனமனாவும் ஹவாய் மக்களுக்கு முன்னோர்களின் இடம். மொகுமனமனாவில் 33 கல் வழிபாட்டு மேடைகள் நிற்கின்றன. கல்லைத் தள்ளி வைத்துச் சட்டகத்தைச் சரிசெய்யும் வழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். 2017இலிருந்து ஹவாய் பூர்வகுடி விவகார அலுவலகமும் இந்தக் கடற்பகுதியின் பொறுப்பாளர்களில் ஒன்று.

காலடி

போனின் பெட்ரல் என்பது கைக்குள் அடங்குகிற அளவுள்ள இரவுப் பறவை. மணலுக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக வளை தோண்டி, கோடியில் ஒரே ஒரு முட்டை இடும். மேலிருந்து பார்த்தால் அங்கே எதுவும் இருப்பது தெரியாது. ஆகவே வளைகள் நிறைந்த இடத்தில் காலணிக்கு அடியில் ஒட்டுப்பலகையைக் கட்டிக்கொண்டு, எடையைப் பரப்பி நடப்பார்கள். மற்ற இடங்களில், ஏற்கெனவே இருக்கும் தடத்தில் மட்டும்.

அப்படியும் கால் உள்ளே போய்விடும். போனவுடன் செய்ய வேண்டியதை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மிச்சக் கூரையும் சரியும். மற்ற காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, உடம்பின் பாரத்தை முழங்கைக்கும் முழங்காலுக்கும் மாற்றிவிட்டு, மெதுவாக உருவ வேண்டும். கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மணலை அள்ள வேண்டும். எந்தக் கருவியும் வேண்டாம். வளை இரண்டு பக்கமும் எங்கே தொடர்கிறது என்று விரலால் தேடிப் போக வேண்டும். மணலுக்கடியில் பறவை இருந்தால் விரல் நுனியில் இளஞ்சூடு தட்டும், பிறகு கூரான அலகு தட்டும். கடித்தால் கடிக்கட்டும். மூச்சுக்கு வழி ஏற்படுத்தி, சுரங்கம் இரண்டு பக்கமும் திறந்திருப்பதை உறுதி செய்து, இடிந்த கூரைக்குப் பதிலாகப் பலகைத் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து மேலே மணல் மூட வேண்டும். நல்ல வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அந்த நேரத்தில் வரும். வெளிச்சம் நாளைக்கும் வரும். மண்ணுக்குள் கிடக்கும் பறவைக்குச் சில நிமிடங்களே இருக்கும்.

இரவில் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. வெளிச்சத்தைப் பார்த்து வந்து பெட்ரல்கள் சுவரில் மோதும். நெற்றி விளக்கில் சிவப்பு ஒளி மட்டும். ஃபிளாஷ் கூடாது. ஆல்பட்ராஸ் பருவத்தில் மிட்வேக்கு விமானமே இரவில்தான் இறங்கும், பகலில் வானம் நிறையப் பறவை என்பதால்.

நெருங்குதல்

ஆல்பட்ராஸ் ஓடாது. கூட்டில் உட்கார்ந்தபடியே இருக்கும். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏமாறுவார்கள். அது அலகைப் படபடவென்று தட்டினால் நீங்கள் தாண்டக்கூடாத தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள். நின்று, பார்வையைத் திருப்பி, வந்த வழியே பின்வாங்குங்கள்.

ஆலாக்கள் இதற்கு நேர்மாறு. கருமுதுகு ஆலாக்களின் பெருங்கூட்டத்துக்குள் ஓர் ஆள் நுழைந்தால் ஆயிரக்கணக்கில் எழும்பும். படத்துக்கு அள்ளிக்கொண்டு போகும் காட்சி. ஆனால் கீழே முட்டைகள் கொதிக்கும் மணலில் வெயிலுக்குக் கிடக்கும். கடற்கொள்ளைப் பறவைகள் குஞ்சைத் தூக்கும். லேய்சானில் சாதுவாகத் தெரியும் மஞ்சள் ஃபின்ச்சுகள் காவலில்லாத முட்டையைக் கொத்தி உடைத்துவிடும். வேண்டுமென்றே கூட்டத்தை எழுப்பி எடுத்த படம் எனக்குக் காட்டப்பட்டால், அதைப் பத்திரிகைக்கு வாங்க மாட்டேன். வெள்ளை ஆலா கூடே கட்டாமல் வெறுங்கிளையில் முட்டையை வைக்கும். திடுக்கிட்டு எழும்பினால் முட்டை உருண்டுவிடும்.

துறவி சீல் உலகிலேயே சுமார் 1,600தான் இருக்கிறது, பெரும்பாலானவை இந்தத் தீவுகளில். பொதுமக்கள் 15 மீட்டர் தள்ளியும், குட்டியோடு இருந்தால் 45 மீட்டர் தள்ளியும் நிற்கவேண்டும் என்பது அரசின் அறிவுரை. கரையில் செத்ததுபோலக் கிடக்கும். அது உறக்கம், தொந்தரவு செய்யாதீர்கள்.

இப்போது லென்ஸ்

600 மி.மீ. குண்டு லென்ஸைச் சுமந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அதை வாளிமேல் வைத்துவிட்டு, 100–400இலேயே காலத்தை ஓட்டுவார்கள். பறவைகள் கிட்டத்தில் இருக்கின்றன. காலை ஒன்பதரைக்கு மேல் பவள மணலிலிருந்து கானல் எழும்பத் தொடங்கும். நீள லென்ஸில் தூரத்துப் பறவை நெளியும், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும். 24–70 ஒன்று, 100–400 ஒன்று, இரண்டு கேமரா உடல்கள். மணற்காற்றில் லென்ஸ் மாற்றாமல் இருக்கத்தான் இரண்டு உடல்.

வெள்ளை மணலில் வெள்ளை மார்புள்ள பறவை. கேமரா தன்போக்கில் அளந்தால் எல்லாம் சாம்பலாகும். முதலில் ஒரு படி கூட்டிவிட்டு, மார்பு இறகின் வரி வெளுத்துப் போகிறதா என்று பாருங்கள். போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பக்கத்திலேயே கருங்கால் ஆல்பட்ராஸ் இருந்தால் இரண்டையும் ஒரே அளவில் எடுக்க முயல வேண்டாம். படுத்து எடுங்கள்; பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் கண்ணருகே இருக்கும் மையிட்டதுபோன்ற கருநிழல் தெரியும். நடுப்பகலை வீண் என்று ஒதுக்காதீர்கள். காயலுக்கு மேலே பறக்கும் வெள்ளை ஆலாவின் அடிவயிறு, கீழிருந்து எதிரொளிக்கும் தண்ணீரால் வெளிர் பச்சைநீலமாக மாறும். அது நடுவெயிலில் மட்டுமே கிடைக்கும்.

உப்பு எல்லாவற்றையும் தின்னும். தினமும் மாலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. நல்ல தண்ணீர் அளந்து வருவதால், ஒரு குவளைக்கு மேல் கேட்கக் கூடாது.

படம் என்பது பதிவேடு

1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் மிட்வேயில் ஒரு பெண் ஆல்பட்ராஸுக்கு வளையம் மாட்டினார். 2002இல் அவரே மறுபடி வந்து தேய்ந்த வளையத்தை மாற்றினார். பழைய எண்ணைப் பின்னோக்கித் தேடிப் பார்த்தபோதுதான், அது தான் மாட்டியது என்று அவருக்குத் தெரிந்தது. விஸ்டம் என்று இன்று உலகமே அழைக்கும் அந்தப் பறவைக்கு 2024இல் முட்டையிட்டபோது குறைந்தது 74 வயது. அந்த வரலாறு முழுவதும் ஒரு வளையத்தின் எண்களில் நிற்கிறது. ஆகவே காலில் வளையம் தெரிந்தால், அழகான படத்துக்குப் பிறகு எண்ணைத் தெளிவாக வாசிக்கிற மாதிரி இன்னொரு படம். சீலுக்கு இரண்டு பக்கமும், துடுப்பில் உள்ள அட்டையும், பழைய தழும்புகளும். தழும்பை வைத்தே ஆளை அடையாளம் காண்பார்கள். கேமராவின் கடிகாரத்தை முகாமின் ஜிபிஎஸ் கருவியோடு காலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேரம் தப்பான படம் ஆய்வாளருக்குக் குப்பை.

செத்த ஆல்பட்ராஸ் குஞ்சின் வயிற்றில் பிளாஸ்டிக் மூடிகளும் லைட்டரும் நிறைந்திருக்கும். 2009இல் கிறிஸ் ஜோர்டன் மிட்வேயில் எடுத்த இந்த மாதிரிப் படங்கள் உலகம் சுற்றின. ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கைக்கூட நகர்த்தாமல் எடுத்தேன் என்று அவர் சொன்னதுதான் அவற்றின் பலம். நீங்களும் நகர்த்தாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று.

உடம்பு

லேய்சானுக்குக் கப்பலில் பல நாள். அவசரமானாலும் அத்தனை நாள். கிளம்பும் முன் பல் மருத்துவரிடம் போய்வாருங்கள். சொத்தைப் பல் ஒன்று முகாம் முழுவதையும் கலைக்கும். பவளத்தில் கீறிய காயத்தை அன்றே சோப்பு போட்டுக் கழுவி மருந்து வையுங்கள். ஜூன், ஜூலையில் பறக்கக் கற்கும் குஞ்சுகளுக்காகப் புலிச்சுறாக்கள் கரையோரம் ஆழமில்லாத தண்ணீருக்கே வரும். அந்த மாதங்களில் இடுப்பளவு நீரில் நின்று படம் எடுக்கிற யோசனை வேண்டாம்.

திரும்பிய பிறகு

எண்ணும் தேதியும் உள்ள மூலப் படங்களின் ஒரு பிரதியைக் குழுவின் உயிரியலாளரிடம் கொடுத்துவிட்டே கப்பல் ஏறுங்கள். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்பது நடப்பதில்லை. படத்தை வெளியிடும்போது குறிப்பில் லென்ஸின் நீளம், நின்ற தூரம், எந்த அனுமதியின்கீழ் எடுத்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். 400 மி.மீ.யில் 20 மீட்டரிலிருந்து எடுத்த சீலின் முகம், பார்ப்பவருக்குக் கையெட்டும் தூரம் போலத் தெரியும். குறிப்பு இல்லாவிட்டால், ஹவாய்க் கடற்கரையில் ஒரு சீலைப் பார்க்கும் அடுத்த ஆள் கைபேசியோடு அவ்வளவு கிட்டே போய்விடுவார்.